பதினொன்றைப் பதினைந்து என்றேன்

நவம்பர் முப்பது, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி பத்து நிமிடம். முந்தின இரவிலிருந்து விடாத மழை. கடல் பக்கத்துக் காற்று ஜன்னல் கதவை நிமிடத்துக்கு நான்கு முறை அடித்தது. அந்த நேரத்தில்தான் நானும் என் மனைவியும் ஜெபத்தைத் தொடங்கினோம். தொடங்கினோம் என்பது தவறு. அவள் சொன்னாள், நான் எண்ணினேன்.

புனித அந்திரேயா திருநாளிலிருந்து கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வரை தினமும் பதினைந்து முறை சொல்ல வேண்டிய சிறு ஜெபம் அது. கடுங்குளிரில் குழந்தை பிறந்த அந்த நேரத்தை வாழ்த்தி, அதன் பேரால் ஒன்றைக் கேட்பது. இருபத்தைந்து நாள், முந்நூற்று எழுபத்தைந்து முறை. கல்யாணமான வருடத்திலிருந்து, கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக் காலம் நாற்பத்து நான்கிலும் அவள் ஒரு நாளும் விட்டதில்லை. பிரசவத்துக்குப் படுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் விரல் மடக்கிச் சொன்னாள். மொத்தம் பதினாறாயிரத்து ஐந்நூறு. அத்தனை முறையும் நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் அவளால் எண்ண முடியவில்லை. மறதி நோய் வந்து மூன்றாவது வருடம். ஜெபம் ஒரு வார்த்தை பிசகாமல் வருகிறது. அது எத்தனையாவது என்பதுதான் நிற்பதில்லை. எண்ணிக்கை விட்டுப்போனால் குழந்தை போல அழுகிறாள். அதனால் இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களும் பதினைந்து கொண்டைக்கடலைகளும் எடுத்து வைத்தேன். ஒரு ஜெபம் முடிந்தால் ஒரு கடலை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்குப் போகும்.

"எத்தனை ஆச்சுங்க?" என்று முதல் நாள் மட்டும் இருபத்திரண்டு முறை கேட்டாள். பதினேழாவது முறை நான் கத்திவிட்டேன். கத்திய பிறகு அடையாறு டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. "போனது திரும்ப வராது சார். கேள்வி கேக்கறாங்க இல்ல, அது இருக்கிற வரைக்கும் நல்லது. ஒரு நாள் அதுவும் நின்னுடும்."

ஜெபத்தின் நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, நம் கருத்தை மனத்துக்குள் சொல்ல வேண்டும். அவள் எப்போதும் மூன்று மூச்சு நேரம் நிறுத்துவாள். என்ன கேட்கிறாய் என்று பல வருடங்களுக்கு முன் ஒரே ஒரு முறை விசாரித்தேன். "அது எனக்கும் அவருக்கும்," என்று முடித்துவிட்டாள். இரண்டாம் நாள் அந்த இடத்தில் நிறுத்தியவள் என் பக்கம் திரும்பினாள்.

"இங்க நான் என்ன கேப்பேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஏதாவது கேளு."

"ஏதாவதுன்னு கேட்டா அவரும் ஏதாவது குடுத்துடுவாருங்க."

அதற்குப் பின் கண்ணில் படுவதை எல்லாம் கேட்டாள். மழை நிற்க வேண்டும். மாடி வீட்டுக்காரர் மோட்டார் ஓட வேண்டும். எங்கள் வீட்டில் சமைக்கும் பெண்ணுக்கு முழங்கால் வலி போக வேண்டும்.

டிசம்பர் பதினொன்று அவளுக்கு நூற்றொரு டிகிரி காய்ச்சல். ஜெபம் எட்டு மணிக்குத் தள்ளிப்போனது. பட்டினப்பாக்கத்திலிருந்து வரும் அந்தச் சமையல்காரப் பெண் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பதினொன்றாவது முடிந்ததும் என் மனைவியின் குரல் கம்மிவிட்டது.

"எத்தனை ஆச்சுங்க?"

கிண்ணத்தில் நான்கு கடலை மீதி இருந்தது. அதை உள்ளங்கையால் மூடினேன். "பதினஞ்சு. முடிஞ்சுது. படு."

"நீங்க சொன்னா சரியா இருக்கும்," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

சமையலறை வரை என் பின்னாலேயே வந்தாள் அந்தப் பெண். "இன்னா ஐயா, அம்மாவாண்ட போயி இப்டி புளுகுற? நானும் எண்ணிக்கினுதான் இருந்தேன். பதினொண்ணு."

"காய்ச்சல் அடிக்குதும்மா அவளுக்கு."

"காச்சலு செரி. மீதி நாலு இன்னா ஆவறது? பால் பாக்கெட்டையே ரெண்டு தபா எண்ற ஆளு நீ."

"நாளைக்குச் சேர்த்துச் சொல்லச் சொல்றேன்."

"அவங்க இன்னாத்துக்கு சொல்லணும்? புளுகுனது நீ. நீயே சொல்லு."

ரயில்வே கணக்குப் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்தேன். ஓர் எண்ணைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. அந்த நான்கு கடலைகளுக்குப் பதில் வேறு நான்கைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, இவற்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜெபம் எனக்கு மனப்பாடம்தான். அவ்வளவு வருடம் காதில் விழுந்திருக்கிறது. அன்று மாலை பால்கனியில் நின்று ஆரம்பித்தேன். நிறுத்த வேண்டிய இடம் வந்ததும் நின்றவன் நின்றுவிட்டேன். இது அவளுடைய ஜெபம், அவளுடைய கருத்தைத்தான் சொல்ல வேண்டும். அது அவளுக்கே தெரியவில்லை. நினைவு திரும்ப வேண்டும் என்று கேட்கலாம். வராது என்று டாக்டர் சொல்லிவிட்டதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் லஸ் மருந்துக்கடையில், அதற்கடுத்த வாரம் அடையாறு பஸ்ஸில், பாங்க் வரிசையில் என்று முயன்றேன். ஒன்பது முறையும் அதே இடத்தில் நின்றது. பாதியில் நின்றதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

இதற்குள் இன்னொன்று குறைந்துகொண்டு வந்தது. இருபத்திரண்டு முறை கேட்டவள் பதினெட்டாம் தேதி ஒன்பது முறை கேட்டாள். இருபதாம் தேதி நான்கு. இருபத்திரண்டில் ஒன்று. இருபத்து மூன்றாம் தேதி பதினைந்தும் முடிந்தது. அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைச் சத்தம் கேட்கும்படி வைத்தேன்.

"எத்தனை ஆச்சுன்னு கேக்கலையா?"

"எது?" என்றாள்.

மறுநாள் புதன்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது, நல்ல வெயில். கடைசி நாள் ஜெபத்தை மட்டும் அவள் மாலையில், வாசல் நட்சத்திர விளக்கைப் போடும் முன் சொல்வது வழக்கம். அதனால் எனக்கு நேரம் இருந்தது. அவளைச் சமையல்காரப் பெண்ணிடம் விட்டுவிட்டுக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் மாதா கோவிலுக்குப் போனேன். கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கோல் பரப்பி, குழந்தைக்கு இடம் விட்டிருந்தார்கள். மைக் செட்காரர் "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்று திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு முட்டி மடங்காது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். அந்த இடம் வந்தது. இந்த முறை என்ன கேட்பது என்று தேட வேண்டியிருக்கவில்லை. எத்தனை ஆச்சு என்று அவள் மறுபடி கேட்க வேண்டும், அவ்வளவுதான். நான்கு முறை. நான்கு கடலையும் இடது பையிலிருந்து வலது பைக்குப் போயின.

மாலை ஐந்தரைக்கு அவள் சொல்லத் தொடங்கினாள். ஆறு ஐந்துக்குப் பதினைந்தாவது கடலை விழுந்தது. நான் மூச்சுகளை எண்ணினேன். பதினொன்றாவது மூச்சில் என் பக்கம் திரும்பினாள்.

"எத்தனை ஆச்சுங்க?"

"பதினஞ்சு. மொத்தம் முந்நூத்தி எழுபத்தஞ்சு." வலது பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். "அதுல நாலு நான் சொன்னது. ஒரு நாள் உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

"நீங்களா ஜெபம் சொன்னீங்க?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன கேட்டீங்க?"

"அது எனக்கும் அவருக்கும்."

சமையல்காரப் பெண் வாசலில் நட்சத்திர விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஐயா, கணக்கு நேராயிடுச்சா?"

"ஆச்சு," என்றேன்.

"எத்தனை ஆச்சுங்க?" என்றாள் என் மனைவி மறுபடியும். சொன்னேன். சாப்பிட உட்காருவதற்குள் இன்னும் ஐந்து முறை கேட்டாள், ஐந்து முறையும் சொன்னேன். மறதி ஜனவரியிலும் இருக்கும், அது எனக்குத் தெரியும். கணக்கு மட்டும் இது: அவள் சொன்னது முந்நூற்று எழுபத்தொன்று, நான் சொன்னது நான்கு. அந்த நான்கைச் சொல்லி முடிக்க எனக்குப் பதின்மூன்று நாள் பிடித்தது.