பழுது என் காலில் இல்லை, பிரேக்கில்

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று கார் ஸ்டாண்டே சொன்னது. ஆமாம், பயந்தேன். மலை இறக்கத்தில் வண்டி நிற்காவிட்டால் யாருக்குத்தான் பயம் வராது? ஆனால் நான் பொய் சொல்லவில்லை. கர்த்தர் அதை எல்லோருக்கும் காட்டினார். அதைச் சொல்லத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

என் பெயர் ஜெயராணி. ஊர் கம்பம். 2003-ல் என் கணவர் தேவராஜுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அவருடைய வாடகைக் கார்தான் எங்களுக்குச் சோறு போட்டது. நான் லைசென்ஸும் பேட்ஜும் எடுத்து, அந்தக் காரை ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். கம்பமெட்டு மலையில் ஏலத்தோட்டங்களுக்குத்தான் அதிகம் சவாரி.

இறங்கும்போது பாதி வழியில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டாவது கியரில்தான் இறங்குவேன். அப்படியும் நாலைந்து வளைவு தாண்டினால் பெடல் தரையைத் தொடும். படபடவென்று மிதித்தால்தான் பிடிக்கும். கீழே வந்து வண்டி ஆறிவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும்.

மூன்று பட்டறை ஏறினேன். மூன்றிலும் நின்ற வண்டியில் மிதித்துப் பார்த்து, "நல்லாத்தானம்மா இருக்கு" என்றார்கள். ஸ்டாண்டின் மூத்த டிரைவர் பால்பாண்டி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பிரேக்குல ஒண்ணுமில்ல. பொம்பளக் காலுக்கு வலுப் பத்தல. தேவராஜு இத்தன வருசம் ஓட்டலையா?"

ஜெபக் கூட்டத்திலும் ஒரு சகோதரர், "எந்நேரமும் பிரேக்கு பிரேக்குங்கிறியே, விசுவாசம் எங்கம்மா போச்சு?" என்றார்.

"விசுவாசம் இருக்கவுந்தானண்ணே ஆண்டவர்கிட்டக் கேக்குறேன்" என்றேன். அழுகை வந்தது. அவர் முன்னால் அழவில்லை.

2005 ஜூன் மாதம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மேலே தோட்டத்திலிருந்து நிறைமாதப் பெண் ஒருத்தியையும் அவள் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கம்பம் ஆஸ்பத்திரிக்கு இறங்கினேன். பாதி மலையில் பெடல் போனது. நாலு முறை மிதித்தேன். வரவில்லை. கைபிரேக்கை இழுத்தேன். அதுவும் பிடிக்கவில்லை. இடது பக்கம் பள்ளத்தாக்கு. "இயேசுவே, இந்தப் பிள்ளத்தாச்சி!" என்று கத்தினேன். வேறு வார்த்தை வரவில்லை. முதல் கியரில் போட்டு, வலது பக்க மலைச்சுவரோடு வண்டியை உரசினேன். சுவரோரத்து ஓடைச் சேற்றில் சக்கரம் இறங்கி வண்டி நின்றது. எதிரே ஒரு வண்டியும் வரவில்லை. பின்னால் வந்த ஜீப்பில் அவர்களை ஏற்றி அனுப்பினேன். மறுநாள் அவளுக்குச் சுகமாகப் பெண் குழந்தை பிறந்தது.

ஸ்டாண்டில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பயத்துல சுவத்துல விட்டுட்டா." பால்பாண்டி வீட்டுக்கே வந்து, "சாவியக் குடும்மா, நான் ஓட்டுறேன்" என்றார்.

"இந்தக் கார் ஒழுங்கா நிக்கிறவரைக்கும் நானும் ஓட்டமாட்டேன், நீங்களும் ஓட்டமாட்டீக" என்று சொல்லி, சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். வீட்டில் அரிசி குறைந்துகொண்டே வந்தது. முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, நான் சொல்வதை நம்புகிற ஒரே ஒரு ஆளைக் கொடும்" என்று மட்டும் கேட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் கதவு தட்டும் சத்தம். உத்தமபாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் காதர் பாய் நின்றார். நான் ஏற்றி வந்த பெண்ணின் கணவர் அவருடைய சினேகிதராம். "அந்தப் புள்ளையோட அம்மா சொன்னாக. நீங்க தரையோட மிதிச்சும் வண்டி நிக்கலன்னு கண்ணால பாத்தாகளாம்" என்றார். "நின்ன வண்டியில என்னத்தத் தெரியும்? சூடானாத்தான் தெரியும். வாங்க தங்கச்சி, நானும் கூட வாரேன்."

அடிவாரத்துக்குச் சற்று மேலே, சரிவு குறைந்த இடத்தில், மெதுவாக உருட்டியபடி பிரேக்கை மிதித்துக்கொண்டே வரச் சொன்னார். கொஞ்ச தூரத்தில் கருகல் வாடை வந்தது. பெடல் அமுங்கியது. அவர் கையை நீட்டித் தானே அழுத்திப் பார்த்தார்.

"மெய்தான் தங்கச்சி."

வண்டி சமதரையில் உருண்டு நின்றதும், அந்த ஒரு சொல்லுக்கு நான் ஸ்டியரிங்கில் தலைவைத்து அழுதேன்.

பட்டறையில் கழற்றியபோது எல்லாம் வெளியே வந்தது. பின்சக்கர பிரேக் இரண்டும் துருவேறி இறுகி, வேலையே செய்யவில்லை. மொத்தப் பாரமும் முன்சக்கரத்தில் விழுந்து, அங்கே பிரேக் கொதித்தது. பல வருஷம் மாற்றாத பிரேக் ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தது. சூட்டில் அது குமிழி விட்டதும் பெடல் வெறுமையாகிவிடும். பணத்தை மெல்லத் தந்தால் போதும் என்று சொல்லி, பாய் பின்பக்கத்தைச் சரிசெய்து, ஆயிலை மாற்றி, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும், மிதிக்கும் வலுவைக் கூட்டும் பூஸ்டரும் பொருத்தினார்.

வண்டி வந்த அன்றே ஸ்டாண்டுக்குப் போனேன். "ஏறுங்கண்ணே" என்று பால்பாண்டியைக் கூப்பிட்டேன். நாலு பேர் பார்க்க, மறுக்க முடியாமல் ஏறினார். மெட்டுக்குப் போய்த் திரும்பி இறங்கினோம். ஒரு வளைவில் திடீரென்று பஸ் எதிரே வந்தது. மிதித்தேன். கார் மிதித்த இடத்தில் நின்றது. கதவைப் பிடித்த கையை அவர் எடுக்கவில்லை. அடிவாரம் வந்ததும் கேட்டார்:

"அந்தப் பாய் என் வண்டிக்கும் இப்பிடி மாட்டித் தருவாகளா?"

ஸ்தோத்திரம்! இன்று ஐந்து வருஷமாக அதே மலையில் ஓட்டுகிறேன். பிள்ளைத்தாய்ச்சிகள் என் காரைத்தான் கேட்டு ஏறுகிறார்கள். யாராவது என் காலைக் குறை சொன்னால் இப்போது நான் தலைகுனிவதில்லை.

அன்பானவர்களே, ஆபத்தை ஆபத்து என்று சொல்வது அவிசுவாசம் இல்லை. உலகமே உங்களைப் பைத்தியம் என்றாலும், உண்மை என்று தெரிந்ததை விடாதீர்கள். கர்த்தரிடம் கேளுங்கள். அவர் அனுப்பும் ஆள் நீங்கள் நினைத்த ஆளாக இருக்கமாட்டார். அந்த ஆள் வந்து தட்டும்போது கதவைத் திறந்துவிடுங்கள்.