பின்னல் இயந்திரத்தின் அரைமணி நேர உறக்கம்

எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு பின்னல் ஆலையில் வேலை செய்தேன். காலையில் ஆலை, பின்னேரம் டேனிஷ் வகுப்பு, அதற்குப் பிறகு வீட்டுப்பாடம். நித்திரை பேருந்தில் கிடைத்தால் உண்டு.

அந்த நேரம் பார்த்துக் கம்பியூட்டர் பூட்டிய பின்னல் இயந்திரம் ஒன்று வந்திறங்கியது. எங்கள் மேற்பார்வையாளருக்குத் தலைகால் புரியவில்லை. அது தானாகவே யோசிக்குமாம். தூங்காதாம், கோப்பி கேட்காதாம், கழிப்பறைக்கும் போகாதாம். ஆகவே அதைப் பார்த்துக்கொள்ள நானும் என் மன்னார்க்காரக் கூட்டாளியுமாக இரண்டு பேர் எதற்கு, மாத முடிவில் ஒருவர் போகலாம் என்றார். பிந்தி வேலைக்குச் சேர்ந்தவன் நான். யார் போவது என்று யோசிக்கக் கம்பியூட்டர் தேவையில்லை.

அந்தக் கிழமை ஆயுதபூசை வந்தது. என் வேலையைப் பறிக்க வந்த சனியன்தான், என்றாலும் ஆயுதம் ஆயுதம்தானே! ஊரிலிருந்து தபாலில் வந்த சந்தனத்தூளைக் குழைத்து, அதன் நெற்றி என்று நான் நினைத்த இடத்தில் வடிவாக ஒரு பொட்டு வைத்தேன். கையை எடுக்கவும் இல்லை, இயந்திர மகாராசா நின்றுவிட்டார்.

"ஐயோ அண்ணை, அது நெத்தியில்லை, நூல் அறுந்தாப் பாக்கிற கண்!" என்றான் கூட்டாளி. "எங்கட மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தியிருந்தா இந்தக் கரைச்சல் வந்திருக்குமோ?"

துடைக்கப் போனேன். அதற்குள் மேற்பார்வையாளர் ஓடிவந்து, யாரும் தொடக்கூடாது என்று கத்தினார்.

மெக்கானிக் வந்தார். மூடியைத் திறந்தார், பெருமூச்சு விட்டார், அரைமணி நேரம் சும்மா நிறுத்தி வைத்தார். கடைசியில் பஞ்சுத் தூசியோடு என் பொட்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டு ஓடவிட்டார். ஓடியது. உடனே தீர்ப்பும் சொன்னார்: யோசிக்கிற இயந்திரம் ஓயாமல் ஓடினால் நினைவு குழம்பிவிடும், தினமும் அரைமணி நேரம் உறங்கவிட வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் காவலுக்கு இருக்க வேண்டும்.

"அண்ணை, வாயைத் திறந்திடாதேங்கோ" என்று கூட்டாளி காதுக்குள் சொன்னான். நான் ஏன் திறக்கிறேன்? அந்தக் காவலாள் நான்தான். வேலை தப்பியது.

மூன்றாம் நாள் அது உறங்க, பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த எனக்கும் கண் செருகிவிட்டது. மேற்பார்வையாளர் தோளில் தட்டி எழுப்பினார். இன்னொரு தடவை கண்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனிசருக்கு நித்திரை வேண்டாமோ என்று அரைகுறை டேனிஷில் கேட்டேன். அவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த நாலு வருசமும் அது உறங்கியது, நான் பக்கத்தில் நின்றேன்.