இருபத்துநான்கு ஜூல்

12 பிப்ரவரி 2025, புதன்கிழமை, காலை 6.40
முதலியார்பேட்டை, புதுச்சேரி

பொருள்: அருளப்பன் சார் மறைவு குறித்து

என்னுடன் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற நண்பர்களுக்கு,

ஞாயிறு, 9ஆம் தேதி காலை, கருவடிக்குப்பத்திலிருந்து அவருடைய மகள் அழைத்தாள். "அப்பா போயிட்டாரு அங்கிள். காபி கேட்டாரு, கொண்டாறதுக்குள்ள..." இந்த வயதில் இப்படிப்பட்ட செய்திகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆனாலும் இவரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

விடைத்தாள் திருத்தும் முகாமில் அவரிடம் கோபித்துக்கொண்டவர்கள் உங்களில் பலர். நானும் ஒருவன். பன்னிரண்டு வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டின் வழியே இரண்டு கூலோம் மின்னூட்டத்தை நகர்த்தச் செய்யப்படும் வேலை எவ்வளவு என்பது கேள்வி. பெருக்கினால் இருபத்துநான்கு ஜூல். அச்சாகி வந்த விடைக்குறிப்போ வகுத்து, ஆறு என்றது. நாங்கள் விடைத்தாள் கட்டுகளை முடித்துப் பையை மாட்டிக்கொண்ட பிறகுதான் அவர் அதைக் கவனித்தார்.

"குறிப்புல உள்ளபடியே இருக்கட்டும் சார், கெளம்புவோம்" என்றேன்.

"யோவ், வோல்ட்னா என்ன? ஒரு கூலோமுக்கு இத்தன ஜூல். ரெண்டு கூலோம்னா வேல ஏறுமா, கொறையுமா?"

"ஏறும்."

"அப்ப சரியாப் போட்ட புள்ளைக்கு முட்டையப் போட்டுட்டு நீ பஸ் புடிக்கப் போறியா?"

பின்னாலிருந்து யாரோ, "சாருக்கு வூட்ல சோறு ஆக்கல போல" என்றார்.

"மீன் கொழம்பே வச்சிருக்காய்யா. ஆறிப் போவுது, ஒக்காரு."

முகாம் அலுவலர் வந்து கணக்கைப் போட்டுப் பார்த்தார், திருத்தத்துக்குச் சம்மதித்தார். முணுமுணுத்தபடி எல்லாரும் கட்டுகளை மீண்டும் பிரித்தோம். பெருக்கி எழுதியிருந்த பிள்ளைகளுக்கு மதிப்பெண் திரும்பியது. அவர்களில் சிலருக்குத் தேர்ச்சியே அதில்தான் இருந்தது.

பேருந்து போய்விட்டது. பெரிய மார்க்கெட் வரை இருவரும் நடந்தோம். என் எரிச்சல் அடங்கவில்லை. உடம்பு வலிக்கிறது என்று புலம்பினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "நம்ம களைப்பு தூங்குனா போயிடும்யா. அந்தப் புள்ளைக்குப் போன மார்க் போனதுதான்."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: களைத்திருக்கும்போது இன்னொரு முறை பார்ப்பது. இந்தக் கடிதத்தையும் அப்படியே பார்த்தேன். ஒரு தேதி தவறாக இருந்தது, திருத்திவிட்டேன்.

இணைப்பு:
1. அவருடைய புகைப்படம்.
2. முப்பதாம் நாள் திருப்பலி அறிவிப்பு. நேரத்தை மகளிடம் மறுபடியும் கேட்டு உறுதிசெய்திருக்கிறேன்.