செல்லி சொன்னதும் நான் சொன்னதும்

ஒரு பெண் சபையில் நின்று சொன்ன உண்மையை நான் ஜேர்மன் மொழியில் பொய்யாக்கினேன். தெரிந்தே செய்தேன். ஏதோ வாய் தவறிவிட்டது என்று உங்களை ஏமாற்ற எனக்கு இனித் தெம்பில்லை.

கொலோன் நகரில், இரண்டாயிரத்து நான்கில். அப்போது நான் மொழிபெயர்ப்பாளராக அலைந்துகொண்டிருந்தேன். காலையில் மருத்துவமனை, மதியம் வெளிநாட்டவர் அலுவலகம்... அகதி விண்ணப்பம், பிரசவம், விவாகரத்து எல்லாமே என் வாய்வழிதான் போய்வரும். என் ஜேர்மன் மீது எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

பழங்குடிப் பெண்கள் மீதான வன்முறை பற்றி ஒரு தேவாலய மண்டபத்தில் கூட்டம். ஏற்பாடு செய்தவள் பிரிகிட்டே என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. பேச வந்தவள் செல்லி. தமிழ்நாட்டு மலையொன்றின் பழங்குடிப் பெண், முப்பது வயதிருக்கும். யாரோ கொடுத்த ஆண்கள் ஜாக்கெட் ஒன்றைப் போட்டிருந்தாள். ஊரில் அவள் தொடுத்த வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. இங்கிருந்து நிறையக் கையெழுத்துகளோடு ஒரு கடிதம் போனால் அங்கே கொஞ்சமாவது அசைவார்கள் என்று நம்பி வந்திருந்தாள்.

"ஒரு தடவதாங்க்கா சொல்லுவேன். மறுபடி கேட்டா என்னால முடியாது," என்றாள், மேடை ஏறும் முன்.

"ஓம், நான் பாத்துக்கொள்ளுறன்," என்றேன்.

அவள் சொன்னாள். "வெறகு பொறுக்கப் போன எங்க ரெண்டு பேரையும் காட்டுக் காவலுங்க மூணு பேரு புடிச்சு அடைச்சு வச்சுக் கெடுத்தாங்க. எந் தங்கச்சி மல்லிகா ஆம்பளப் புள்ளயாப் பொறந்தவ. பொண்ணாத்தான் வாழ்ந்தா. அதுக்குன்னே அவள ரொம்ப வதைச்சாங்க. மூணாம் நாளு செத்துட்டா."

அவள் குரலில் நடுக்கமே இல்லை. சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

முன்வரிசையில் எங்கள் தமிழ்ச் சங்கத்தார் இருந்தார்கள். தலைவர் அண்ணை, அவருடைய மனைவி, கோயிலில் வாராவாரம் காணும் முகங்கள், என் கணவர்... எங்கட பிள்ளை மேடையில் நிற்கிறாள் என்று பார்க்க வந்தவர்கள். இந்தச் சொற்கள் என் வாயிலிருந்து வருவதை அவர்கள் கேட்கப்போகிறார்களே! அந்த ஒரு நினைப்புத்தான். அடைத்துவைத்து அடித்தார்கள் என்றேன். தங்கையைத் தம்பியாக்கினேன். மோசமாக நடத்தியதில் தம்பி இறந்துபோனான் என்று முடித்துவிட்டேன்.

அவள் சொன்னதற்கு ஜேர்மன் சொல் எனக்குத் தெரியாதா? அலுவலகங்களில் எத்தனை பெண்களுக்காக அதே சொல்லைச் சொல்லியிருக்கிறேன்... அங்கே மூடிய அறை, முன்பின் அறியாத அதிகாரி. கூச்சப்பட ஆள் இல்லை. என் நேர்மைக்கு அந்த மூடிய அறைதான் விலாசம்!

இன்னொன்றும் கேளுங்கள். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு இரண்டு மொழியும் தெரியும். அவள் சொன்னதையும் கேட்டார்கள், நான் சொன்னதையும் கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தேநீர் வேளையில் தலைவர் அண்ணை பக்கத்தில் வந்தார்.

"நல்லாச் சமாளிச்சிட்டீர், பிள்ளை. வெள்ளையளுக்கு முன்னால உதெல்லாம் என்னத்துக்கு?"

எனக்கு... சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான்.

செல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "எல்லாத்தையும் சொல்லிட்டீங்களாக்கா?"

"ஓம்."

நான் சொன்னதை வைத்தே பிரிகிட்டே கடிதத்தை எழுதினாள். மண்டபமே கையெழுத்திட்டது. நானும் போட்டேன்.

அடுத்த வருடம் பிரிகிட்டே தொலைபேசியில் அழைத்தாள். எங்கள் கடிதத்தை எதிர்த்தரப்பு வக்கீல் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டியிருக்கிறார். ஜேர்மனிவரை போய்ப் பேசியவள் அங்கேகூட இதைச் சொல்லவில்லை, தங்கை என்று ஒருத்தி இருந்ததாகவே பேச்சில்லை, எல்லாம் இட்டுக்கட்டிய கதை என்று வாதாடினாராம். செல்லியோ, நான் எல்லாம் சொன்னேன், மொழிபெயர்த்த அக்காவைக் கேளுங்கள் என்கிறாளாம்.

"அவள் உண்மையிலேயே அப்படிச் சொன்னாளா? நீ எழுதித் தந்தால் போதும், நாளைக்கே அனுப்பிவிடுவேன்," என்றாள் பிரிகிட்டே.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான்தான் மாற்றிச் சொன்னேன் என்று எழுதிவிட்டால், அதன்பிறகு எந்த அலுவலகம் என்னைக் கூப்பிடும்? அங்கே ஒரு வழக்கு நின்றிருக்கும், இங்கே என் பிழைப்பு விழுந்திருக்கும். இரண்டையும் நிறுத்துப் பார்த்தேன்... வெட்கக்கேடு, நிறுத்துத்தான் பார்த்தேன். கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நினைவில்லை, பிரிகிட்டே. எத்தனையோ கூட்டங்கள்..."

அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

வழக்கு தள்ளுபடியாயிற்று. அந்த மூன்று பேரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள் என்று கேள்வி. நான் இப்போதும் மொழிபெயர்க்கிறேன். ஒரு சொல் விடாமல் சொல்கிறேன், நாக்கூசும் சொல்லையும் சொல்கிறேன். அதனால் மல்லிகாவுக்கு என்ன? களைத்துப்போய்விட்டேன்... ஆனாலும் அவள் பெயரை அந்த மண்டபத்து மனிதர் எவரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை.

செல்லி மேல்முறையீடு செய்திருக்கிறாளாம். ஜேர்மனியில் ஒரு அக்கா இருக்கிறாள், அவளுக்கு எல்லாம் தெரியும், ஒருநாள் வந்து சாட்சி சொல்வாள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறாளாம்.