பிற்பகலில் விடிந்த வீடு

எவர்சில்வர் தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினால், உள்ளே ஆவி முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். ஹைதராபாத் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அப்படி மூடிய ஒரு தட்டுதான். அங்கே பட்டாள முகாமை ஒட்டிய திருமுல்கேரியில் அண்ணன் வீட்டில் தங்கி, அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு அமெரிக்க நேரத்தில் வேலை; விடிந்தபின் வந்து படுப்பான். எட்டு மணிக்கு மதினி இட்லித் தட்டோடு போய் எழுப்புவாள். "வெறும் வயித்தோட தூங்கப்பிடாது. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் படுங்க." கண்ணைத் திறக்காமலே மென்று முடித்துச் சாய்வான். தெருவில் போகிற பட்டாளத்து லாரியின் சத்தம்கூட அந்த அறைக்குள் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் இருக்கும்.

பிரியத்தில் ஊட்டியதுதான், யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அண்ணனின் உடம்பு பெருத்துக்கொண்டே போனது, பேச்சு இளைத்துக்கொண்டே போனது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் டாக்டர். ஆபீசில் எல்லாருக்கும் ஒரே மாதிரி அச்சடித்துக் கொடுத்த டயட் தாளை நம்பி, ஏழு மணிக்கே அலாரம் வைத்து ஓட்ஸ் குடித்தான்; எட்டு மணி இட்லியும் நிற்கவில்லை. இருந்த தூக்கமும் போயிற்று. எதைப் பரிமாறினாலும் நல்லது கெட்டது சொல்லாமல் விழுங்குவான். லீவு நாளில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். "எங்கூட வாழப் பிடிக்கலையோ என்னவோ, ஏட்டி" என்று மதினி ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

டாக்டர்தான் எங்கள் காலனியிலேயே இருந்த உணவு ஆலோசகரம்மாவிடம் அனுப்பினார். தலைமுறைகளாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம்; அவர் தமிழில் உருதும் தெலுங்கும் தாளித்துக் கொட்டியிருக்கும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. "உங்களுக்கு எப்போ விடியுது?" என்றார். மதினிதான் பதில் சொன்னாள்: "மத்தியானம் மூணு மணிக்கு மேலதாம்மா இவுக முகத்துல வெளிச்சமே வரும்."

"ஹவ், சரிதான், அப்போ காலைல எட்டு மணி இவருக்கு நடுராத்திரி. நடுராத்திரில எழுப்பி இட்லியா? நக்கோ மா, நக்கோ! வேண்டவே வேண்டாம்!"

சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்புக்குள்ளேயே அவர் மதினியின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "நீங்க எப்போ சாப்பிடறீங்க?" "இவுக எந்திரிச்ச பொறவு..." "வெளுத்துப் போயிருக்கு. முதல்ல உங்க ரத்தத்தைப் பாக்கணும். கடிகாரத்துக்கா பசிக்குது? ஆளுக்கு ஆள் பசி வேற, மா."

அதன்பின் அண்ணனுக்கு வேலையிலிருந்து வந்ததும் ஒரு கிண்ணம் மோர்ச்சாதம். பிறகு யாரும் எழுப்பக் கூடாது. தானாக விழித்தபின் கீரை அடை. மதினிக்கு உச்சிவேளையிலேயே முருங்கைக்கீரையும் பருப்புமாகத் தனிச் சாப்பாடு. முதல் சில நாட்கள் எட்டு மணியானால் அவள் கால்கள் தானாகப் படுக்கையறை வாசல்வரை போகும். கதவில் கை வைத்துவிட்டுத் திரும்பி வருவாள். மூன்று மணி வெயில் சாய்வாக விழும் மேசையில் அவன் காலைப் பலகாரம் சாப்பிட, எதிரே அவள் மாலைச் சுண்டலைக் கொறிக்க, ஒரே வீட்டில் இரண்டு பொழுதுகள் அருகருகே உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். மதினியின் உதட்டில் மெல்ல நிறம் ஏறியது. அண்ணன் மட்டும் இன்னும் பேசாமலே இருந்தான்.

இத்தனை வருஷம் கழித்து இன்று, நான் எவ்வளவு தூங்கினேன், எவ்வளவு நடந்தேன் என்று என் கைக்கடிகாரமே சொல்கிறது. ஒரு மனிதன் தேறிவிட்டான் என்பதை அது எந்த எண்ணில் காட்டுமோ தெரியவில்லை. எங்களுக்கு அது தெரியவந்தது ஒரு பிற்பகலில். அடையைப் பிட்டு வாயில் போட்ட அண்ணன் மெல்வதை நிறுத்தினான்.

"என்னத்தப் பண்ணி வச்சிருக்க? உப்பே இல்லியே!"

"ஏட்டி, கேட்டியா? உப்பில்லையாம்லா!" என்று மதினி வீடே அதிரக் கூவினாள். உப்பை எடுத்து வர மறந்து, அடுத்து என்ன குறை சொல்லப் போகிறானோ என்று ஆசையாக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.