நாலு பேர் தீவு

பொன்மணிக்குப் பூச்சட்டியில் மருந்து அடைக்கும் வேலை. நாரணாபுரத்துக்கு வெளியே உள்ள ஒரு பட்டாசு ஆலையில், கல்யாணமான வருஷத்திலிருந்து அதே அறையில்தான் இருக்கிறாள். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. சீசன் வந்துவிட்டால் அந்த விதி எல்லாருக்கும் மறந்துபோகும். தீப்பொறி ஒன்று விழுந்தால் இத்தனை பேரும் எப்படி ஓடுவது என்ற பயம் அவளை விட்டதேயில்லை.

அவள் கணவன் அன்பரசன் திருத்தங்கல் அச்சகமொன்றில் கம்ப்யூட்டரில் லேபிள் வரைகிறான். 2006 தீபாவளிக்கு அதே ஆலையின் கிஃப்ட் பாக்ஸ் ஆர்டர் அவன் கைக்கு வந்தது. பெட்டியின் பின்பக்கம் காலியாகக் கிடந்ததால், பிள்ளைகள் வாசிக்க ஏதாவது போடச் சொன்னார் ஆலை முதலாளி மணிகண்டராஜ். அன்பரசன் ஒரு நாட்டையே படைத்துவிட்டான். நடுக்கடலில் நாலு பேர் தீவு. அங்கே படகில் நாலு பேர், பட்டறையில் நாலு பேர், மந்திரி சபையிலும் நாலு பேர். ஐந்தாவதாக ராஜாவே நுழைந்தாலும் நால்வரும் எழுந்து வெளியே போய்விடுவார்கள். அந்நாட்டுக்கு அதுதான் அரசியல், அதுதான் கொள்கை. முதலாளி சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

பெட்டிகள் ஆலைக்கு வந்ததும், சாப்பாட்டு வேளையில் பொன்மணியின் அறைக்காரி முருகம்மாள் அந்தக் கதையைச் சத்தமாக வாசித்தாள்.

"நல்ல ஊராத்தான் இருக்கு. ஒங்க வீட்டுக்காரரு நமக்கு டிக்கெட் எடுத்துத் தருவாராடி?"

மறுநாள் போர்மேன் கருப்பணன், புதிதாக வந்த வள்ளித்தாயைக் கூட்டிவந்து ஐந்தாவதாக உட்கார வைத்தார். பொன்மணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மற்ற மூவரும் அவள் பின்னாலேயே வந்தார்கள்.

"எங்கத்தா போறீக?"

"ராஜா வந்துட்டாக அண்ணாச்சி, நாங்க வெளிய இருக்கோம்" என்றாள் முருகம்மாள்.

"லோடு ஏத்துற நேரத்துல வெளையாட்டா?"

பெட்டியை வள்ளித்தாயும் வாசித்திருந்தாள். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "நீங்க நாலு பேரும் நல்லா இருப்பீக. அஞ்சாவது ஆளு எங்கன போவா? அதை அந்தத் தீவுல எழுதலையாக்கும்?"

பொன்மணிக்குச் சுருக்கென்றது. அன்பரசன் அதை யோசிக்கவேயில்லை, அவளும்தான். உள்ளே போனால் உயிர்ப் பயம். போகாவிட்டால் வள்ளித்தாயின் பிழைப்பு போகும். வரிசையின் கடைசியில், காலி அட்டைகளை அடைத்துப் பூட்டி வைத்திருந்த அறை அவள் கண்ணில் பட்டது.

"அண்ணாச்சி, அந்த ரூமைத் திறங்க. அஞ்சாவது ஆளுக்கு எடம் குடுத்தாத்தான் நாங்க உள்ள வருவோம்."

"இதுவும் பெட்டியில போட்டிருக்கோ?"

"இல்ல. இது நான் சொல்லுதேன்."

அதற்குள் அடுத்தடுத்த அறைகளிலிருந்தும் பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். கருப்பணன் முதலாளிக்குப் போன் போட்டார். தள்ளிப் போய் நின்று வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து, முணுமுணுத்துக்கொண்டே பூட்டைத் திறந்தார்.

அட்டைகளை வெளியே எடுத்துப் போட்டதும் வள்ளித்தாய் அறையைக் கூட்டினாள். நெருக்கடியான மற்ற அறைகளிலிருந்து மூன்று பேர் அவளோடு போய் உட்கார்ந்தார்கள். பொன்மணி தன் இடத்துக்குத் திரும்பி, அடுத்த பூச்சட்டியைக் கையில் எடுத்தாள்.