உள்ளே விட்ட தண்ணீர்

அந்த போர்வெல் ஏஜென்டை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவனைத் திட்டித் தீர்த்த பிறகும் கோபம் மிச்சமிருக்கும். அந்த மிச்சம் என் மேல்.

நான் மேற்கே பாலைவனத்தில், எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில் வேலை செய்கிறவன். துளைக்குள் சேற்றுக் குழம்பை அழுத்தி அனுப்புவார்கள். அது பாறைத் தூளை அள்ளிக்கொண்டு மேலே திரும்பும். உள்ளே எவ்வளவு போகிறது, வெளியே எவ்வளவு வருகிறது, வருவதில் என்ன கலந்திருக்கிறது என்று சென்சார் வைத்துப் பார்ப்பது என் வேலை. சொல்வதற்குச் சுலபம். சூட்டில் சேறு சென்சார் மேல் அப்பிக் காய்ந்துவிடும். பிறகு அது பாட்டுக்குப் பொய் சொல்லும். அடிக்கடி கழுவி, தொட்டியின் மட்டத்தைக் கண்ணாலும் பார்க்க வேண்டும். போனதைவிட வந்தது கொஞ்சம் கூடினாலும், கீழே வாயு புகுந்திருக்கலாம் என்று உடனே கத்த வேண்டும். ஒருமுறை நான் கத்தியதில் மொத்த வேலையும் நின்றது. கடைசியில் பார்த்தால், சென்சாரில் ஒட்டியிருந்த சேறு. மேலதிகாரி என்னைக் காய்ச்சி எடுத்தார். அதற்காக அடுத்த முறை வாயை மூடிக்கொள்ளவில்லை. இதை அக்காவிடம் போனில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

போன கோடையில், புதூர்நாட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு விடுப்பில் வந்திருந்தபோது, அக்கா நிலத்தில் போர் போட வண்டி வந்தது. எங்கள் மலைக்கு அந்த வண்டி ஏறுவதே பெரும்பாடு. இறங்கிப் போனால் மறுபடி வராது. அக்கா தனி ஆள். பள்ளத்து ஊற்றிலிருந்து குடம் சுமந்து சுமந்து முட்டி தேய்ந்துவிட்டது.

எங்கள் ஊரில் போர் போடும் இடத்தில் யாரும் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. டீக்குச் சர்க்கரை தீர்ந்தால்கூட ஜாடைதான். அதிலும் அக்கா என்னைக் காலையிலேயே தனியாக எச்சரித்தாள்.

"டேய், நீ எதுனா எக்குத்தப்பா பேசாத. கம்முனு இரு."

மத்தியானம் வரை வெறும் புழுதி. பிறகு லேசாக ஈரம் தட்டியது. ஈர மண் உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க டேங்கரிலிருந்து தண்ணீரும் சோப்புக் கரைசலும் விட்டார்கள். சற்று நேரத்தில் துளையிலிருந்து நுரையோடு தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஊரே ஆர்ப்பரித்தது. அக்கா அதன் அடியில் போய் நின்று முழுக்க நனைந்தாள். அழுதாள்.

நான் ஒரு சொம்பு பிடித்து வாயில் வைத்தேன். சோப்பு. விட்ட தண்ணீரேதான் திரும்பி வருகிறது என்று பட்டது. ஏஜென்டைத் தனியே இழுத்துப் போனேன்.

"டேங்கர் தண்ணிய கால் மணி நேரம் நிறுத்துங்க. அப்பவும் வந்தா ஒத்துக்கிறேன்."

"இன்னா சார், நல்ல நேரத்துல! எண்ணெ வேற, தண்ணி வேற. அக்கா மூஞ்சியப் பாருங்க சார். கண்ணமங்கலத்துல வேற இந்த வண்டிக்குக் காத்துக்கினு இருக்காங்க."

அவள் முகத்தைப் பார்த்தேன். அதுதான் நான் செய்த தப்பு. இன்னும் ஆழம் போகச் சொல்லியிருக்கலாம், இடத்தை மாற்றச் சொல்லியிருக்கலாம். கூட்டத்துக்கு நடுவில் ஒரு சத்தம் போட்டிருந்தால் வண்டி நின்றிருக்கும். இவ்வளவு படித்த மடையன் கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி மலையிறங்கியது.

மோட்டார் இறக்கிய அன்று அரைக் குடம் நுரைத் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு வெறும் காற்று.

மறுநாள் காலையில் அக்கா குடத்தை எடுத்தபோது, மனசின் பாரம் தாங்காமல் சொல்லிவிட்டேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா."

அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள்.

"எவனோ எடுக்கிற எண்ணெக்கு வேலைய நிறுத்துன்னு கத்துவியே. எனக்காக ஒரு வாட்டி கத்தக் கூடாதா?"

'நீதானே கம்முனு இருன்னு சொன்ன' என்பது நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவள் குடத்தோடு பள்ளத்துப் பாதையில், வலிக்கிற காலைப் பக்கவாட்டில் வைத்து, இறங்கிக்கொண்டிருந்தாள்.